140-இல் 2: மலையேறாத சுற்றுலாப் பட்டம்

பாடத்திட்டப் புத்தகத்தில் யாரும் நின்று படிக்காத பக்கம் ஒன்று உண்டு. முன்னுரை, நோக்கம் எல்லாம் முடிந்தபின் வரும் அட்டவணை அது. இடதுபுறம் பாடங்களின் பெயர்கள், நடுவில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கு, வலது ஓரத்தில் ஒரு குறுகிய கட்டம். அதில் 3, 4, 4, 2, 1 என்று ஒற்றை எண்கள். அவைதான் கிரெடிட். சுற்றுலாப் பட்டம் ஒரு மாணவரை என்னவாக ஆக்க நினைக்கிறது என்பதை அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

கல்வராயன் மலையில் கரியாலூரை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பார்த்ததில் எழுந்ததே இந்தக் கட்டுரை. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலையேறினால் வரும் ஊர் கரியாலூர். படகுத் துறை, சிறுவர் பூங்கா, சுற்றிலும் மரவள்ளியும் சாமையும் விளையும் மலைக்காடுகள். மலையில் பெரியார் அருவி, மேகம் அருவி, அடிவாரத்தில் கோமுகி அணை. கோடை விழா நடக்கும்போது இங்கே காலூன்ற இடம் இருக்காது. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் நிறைந்த இந்த மலைக்குச் சுற்றுலா ஏற்கெனவே வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு வருகிற பட்டதாரி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்தப் பட்டமும் எட்டவில்லை. இரண்டுக்கும் காரணம் அந்த வலது ஓரத்துக் கட்டத்தில் இருக்கிறது.

எண்களுக்குப் பின்னால்

தமிழ்நாட்டில் கலை, அறிவியல் கல்லூரிகளுக்கு மாநில உயர்கல்வி மன்றம் தந்திருக்கும் மாதிரிப் பாடத்திட்டத்தின்படி மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட். ஆறு செமஸ்டர், வாரத்துக்கு 30 மணி நேர வகுப்பு. பகுதி 1 தமிழ், 12 கிரெடிட். பகுதி 2 ஆங்கிலம், அதற்கும் 12. பகுதி 3-இல் மேஜர், அலைடு, எலெக்டிவ். பட்டத்தின் உடம்பு அதுதான். பகுதி 4-இல் திறன் பாடங்கள், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, கோடை விடுமுறையில் செய்யும் இன்டர்ன்ஷிப். பகுதி 5 என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணிக்கு, 1 கிரெடிட். மதிப்பெண்ணில் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75.

இந்த மாதிரியில் இன்டர்ன்ஷிப்புக்குக் கிடைப்பது 2 கிரெடிட். 140-இல் 2.

கணிதமோ வரலாறோ படிப்பவருக்கு அந்த 2 போதும் என்று வாதிடலாம். சுற்றுலாவுக்கு அது பொருந்தாது. முன்பின் தெரியாத மனிதரை முன்பின் தெரியாத இடத்துக்கு அழைத்துப்போய், பார்க்க வேண்டியதைக் காட்டி, பத்திரமாகத் திருப்பி அனுப்பும் தொழில் இது. அதை வகுப்பறையில் எவ்வளவு தூரம்தான் சொல்லித்தர முடியும்? தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவும் மேலாண்மைப் பட்டங்களும் இதைவிடக் கூடுதலாகக் களப்பயிற்சி வைத்திருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அரசுக் கல்லூரி மாணவர் சந்திக்கும் பொதுவான அச்சு இந்த 140-தான்.

கிரெடிட் என்பதே நேரத்தின் அளவு. பல்கலைக்கழக மானியக் குழுவின் கணக்கில், 15 வாரம் கொண்ட ஒரு செமஸ்டரில் வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு நடந்தால் அது 1 கிரெடிட். செய்முறை, களப்பணி, சமூகப் பணி, இன்டர்ன்ஷிப் என்றால் வாரத்துக்கு 2 மணி நேரம், அதாவது செமஸ்டருக்கு 30 மணி நேரம் உழைத்தால்தான் அதே 1 கிரெடிட். நாற்காலியில் உட்கார்ந்து கேட்கும் ஒரு மணிக்குச் சமமாகக் காட்டில் இரண்டு மணி நடக்க வேண்டும். வகுப்புக்கு வெளியே வீட்டில் படிக்கும் நேரம் கணக்கில் தனியே இருக்கிறது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். காரணம் சரிதான். இருந்தாலும் ஒரு துறைத்தலைவர் அட்டவணை போட உட்காரும்போது, ஒரே நேரத்தில் இரட்டிப்பு கிரெடிட் தரும் தியரித் தாள்தான் அவருக்கு எளிதாகப் படும். களத்துக்குப் பேருந்து வேண்டும், அனுமதி வேண்டும், கூடப் போக ஆள் வேண்டும். தியரிக்கு ஓர் அறை போதும்.

அதனால்தான் பல கல்லூரிகளில் களப்பணி என்பது ஆண்டுக்கொரு 'ஐ.வி.'யாக (இண்டஸ்ட்ரியல் விசிட்) சுருங்கிவிட்டது. மூன்று நாள் பேருந்துப் பயணம், ஸ்பைரல் பைண்டிங் போட்ட டூர் ரிப்போர்ட், அதில் நுழைவாயில் முன்னால் நின்று எடுத்த குழுப் படம். சென்ற ஊரில் யார் வாழ்கிறார்கள், வரும் கூட்டத்தால் அவர்களுக்கு என்ன நன்மை, என்ன தொல்லை என்று ஒரு பக்கமாவது எழுதச் சொல்லியிருந்தால் அந்தப் பயணமே வேறாக இருந்திருக்கும்.

நாடு விட்டு நாடு போனால் கிரெடிட்டின் எடையும் மாறுகிறது. ஐரோப்பியக் கணக்கில் ஆண்டுக்கு 60, மூன்றாண்டுக்கு 180 கிரெடிட். ஒவ்வொன்றும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இலங்கையில் ஆண்டுக்கு 30 கிரெடிட்தான், ஆனால் ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேரம். அங்கே மூன்றாண்டுப் பட்டம் 90 கிரெடிட், அதாவது 4,500 மணி நேரம். இந்தியாவில் 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம், ஆண்டுக்கு 40 கிரெடிட் என்கிறது. மூன்றாண்டுக்கு 120, அதாவது 3,600 மணி நேரம். தொலைநிலையில் படிப்பவர்களுக்கு இக்னோ நீண்ட காலமாகவே இந்த 30 மணிக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. 140 பெரிதா, 90 பெரிதா என்று எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும், பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ பல்கலைக்கழகமும் மலைநாட்டிலேயே இருந்துகொண்டு சுற்றுலாப் பட்டம் தருகின்றன என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

இரண்டு வாசல்

நம் கல்லூரிகளுக்குள் சுற்றுலா நுழைந்தது இரண்டு வாசல் வழியாக. ஒன்று வரலாற்றுத் துறை. அங்கே அது எலெக்டிவாகவோ நான்-மேஜராகவோ வந்து உட்கார்ந்தது. கோயில், கோட்டை, அரச வம்சம் என்று பாடம் வளர்ந்தது. மற்றொன்று மேலாண்மைத் துறை. டிராவல் ஏஜென்சி, விமான டிக்கெட், ஓட்டல் முன்மேசை, மார்க்கெட்டிங் என்று அது வேறு திசையில் போனது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சுற்றுலாவும் ஓட்டல் மேலாண்மையும் ஒரே துறையாக வளர்ந்தன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சுற்றுலாத் துறை எம்.பி.ஏ. தருகிறது. மத்திய அரசின் இந்தியச் சுற்றுலா, பயண மேலாண்மை நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டு குவாலியரைத் தலைமையிடமாகக் கொண்டது. நமக்கு அருகே நெல்லூரிலும் அதற்கு வளாகம் உண்டு. அதன் பட்டங்களைப் பல ஆண்டுகள் வழங்கிவந்தது அமர்கண்டக்கில் உள்ள இந்திரா காந்தி தேசியப் பழங்குடியினர் பல்கலைக்கழகம். பழங்குடியினர் பெயரில் அமைந்த பல்கலைக்கழகம் சுற்றுலாவுக்குப் பட்டம் தந்திருக்கிறது என்பதே கல்வராயன் மலைக்கு ஒரு முன்னுதாரணம்.

வரலாற்று வாசலில் வந்தவர் கோயில் சிற்பத்தை விளக்குவார். மேலாண்மை வாசலில் வந்தவர் பேக்கேஜ் போடுவார். கரியாலூருக்கு வந்தால் இருவருமே திணறுவார்கள். இங்கே விளக்க ராஜகோபுரம் இல்லை, பேக்கேஜ் போட நட்சத்திர ஓட்டலும் இல்லை. இருப்பது காடு, தண்ணீர், மக்கள், அந்த மக்களின் கதை.

அந்தக் கதை சாதாரணமானது அன்று. சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் கீழ் இருந்த மலை இது. நாடு விடுதலை பெற்றபின்னும் ஜாகீர் ஆட்சி இங்கே தொடர்ந்தது; கொத்தடிமையாக உழைத்த குடும்பங்களுக்கு விடிவு வந்தது 1976-இல், அரசு ஜாகீர்களை எடுத்துக்கொண்டபோது. இப்போது எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அது சொந்த நினைவு. கல்வராயன் மலைக்கான பயணத் திட்டத்தை ஒரு மாணவர் எழுதினால் அருவி, படகு, பூங்கா என்று மூன்று வரியில் முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த முதியவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதற்கு எந்தத் தாளிலும் கிரெடிட் இல்லை.

தண்ணீரைப் படிப்பது

அருவிக்குப் போகும் பாதையில் வெளியூர்க் குடும்பங்களுக்கு வழிகாட்டிக்கொண்டு போகும் உள்ளூர் இளைஞர் ஒருவரின் பேச்சைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம்.

"தம்பி, இன்னும் கொஞ்ச நேரம் குளிச்சுட்டு வர்றோமே?"

"வேணாங்க சார், தண்ணி நெறம் மாறுது பாருங்க. மேல மழை பேஞ்சிருக்கு. சருகும் குச்சியும் சேர்ந்து வந்துச்சுன்னா பின்னாடியே வெள்ளம் வந்துரும். அக்கா, பிள்ளைங்கள மொதல்ல கரையேத்துங்க."

வானத்தில் அப்போது ஒரு மேகம்கூட இருக்காது. தெளிந்த தண்ணீர் லேசாகச் செம்மண் நிறம் கொள்வது, இரைச்சலின் சுருதி மாறுவது, சருகு மிதப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்து, சொல்பேச்சு கேட்காத பத்துப் பேரைப் பதற்றமில்லாமல் கரையேற்றத் தெரிந்திருக்கிறது அவருக்கு. பாடப்புத்தக மொழியில் இதற்கு இடர் மதிப்பீடு, பார்வையாளர் மேலாண்மை என்று இரண்டு அலகுகள். தேர்வில் அவற்றுக்குப் பத்து மதிப்பெண் கேள்வி வரும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் எட்டெட்டு மணி நேரம் அவர் இந்த வேலையைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 வாரத்தில் 240 மணி நேரம். 30 மணிக்கு ஒரு கிரெடிட் என்றால் 8 கிரெடிட். மூன்றாண்டுப் பட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கு வைத்திருப்பதைப் போல நான்கு மடங்கை ஒரே செமஸ்டரில், எந்தக் கல்லூரிக்கும் போகாமல் அவர் உழைத்திருக்கிறார். நேரம் கழிந்துவிட்டால் மட்டும் கிரெடிட் தந்துவிட முடியாது. கற்றது என்ன என்று மதிப்பிட்டாக வேண்டும், அது நியாயமான நிபந்தனை. ஆனால் மதிப்பிட யாராவது மலையேறி வர வேண்டுமே.

விதி இதற்குத் தடையாக இல்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேசிய கிரெடிட் கட்டமைப்பு வேலை அனுபவத்தையும் கற்றலாக ஏற்கிறது. மதிப்பீட்டில் தேறியவருக்கு அனுபவ ஆண்டுகளைப் பொறுத்து அதிகபட்சம் இரு மடங்கு வரை கிரெடிட்டைக் கூட்டிக் கணக்கிட அதில் இடம் உண்டு. 2021-இல் வந்த கிரெடிட் வங்கி விதிகளின்படி, சம்பாதித்த கிரெடிட்டை மாணவர் தன் கணக்கில் சேர்த்து வைக்கலாம். பொதுவாக ஏழாண்டு வரை அது செல்லும். பி.வோக். என்ற இளநிலைத் தொழிற்கல்விப் பட்டத்தில் 180 கிரெடிட்டில் அறுபது சதவீதம் திறன் பயிற்சிக்கே ஒதுக்கியாக வேண்டும். பட்டம் இல்லாத, ஆனால் துறையில் ஊறிய வல்லுநரை 'தொழில்முறைப் பேராசிரியர்' என்று அழைத்துப் பாடம் நடத்த வைக்கவும் மானியக் குழு 2022-இல் வழிவகுத்துவிட்டது. கடுக்காய், தேன், சாமை, மூலிகை என்று மலையை அறிந்த ஒரு பெரியவர் வகுப்பெடுக்கலாம்.

வெளியேறவா, உள்ளே வரவா

இங்கே ஒரு முள் இருக்கிறது. புதிய தேசியக் கல்விக் கொள்கையின்படி முதலாண்டு முடிவில் 40 கிரெடிட்டோடு, கோடையில் 4 கிரெடிட் தொழிற்பயிற்சி முடித்துவிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். இரண்டாண்டு முடித்தால் டிப்ளமா. தமிழ்நாடு அரசு இந்தக் கொள்கையை ஏற்கவில்லை. பாதியில் வெளியேறும் வசதி இடைநிற்றலுக்கு வழிவிடும் என்பது இங்கே வலுவாகச் சொல்லப்படும் எதிர்ப்பு. அந்த எதிர்ப்பு சரியானது என்றே நினைக்கிறேன். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் மலைக்கிராமத்துப் பெண்ணிடம் "ஓராண்டு போதும், சான்றிதழ் இருக்கிறதே" என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பு தேறி, கீழே இறங்கிக் கல்லூரி விடுதியில் இடம் பிடிக்க அவள் பட்ட பாடு அதோடு வீணாகும்.

அதே 40 கிரெடிட் சான்றிதழை ஏற்கெனவே படிப்பை விட்டவர்களுக்காக மலையிலேயே நடத்தினால் கதை வேறு. பத்தாவதோடு நின்றவர், பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் தோட்ட வேலைக்குப் போய்வருபவர், வார இறுதியில் வழிகாட்டுபவர் ஆகியோருக்கு அது பட்டத்தின் முதல் படியாக இருக்கும். பின்னொரு நாளில் மீதியையும் முடிக்கலாம். மாநில அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022-இலிருந்து கல்லூரி மாணவருக்குத் திறன் பாடங்களைக் கிரெடிட்டோடு தருகிறது. கல்லூரிக்கு வெளியே நிற்பவருக்கும் அது நீள வேண்டும்.

செம்மரம் வெட்டப் போய் 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. வடதமிழகத்து மலைக்கிராமங்களில் காடறிந்த இளைஞருக்கு அந்த அறிவை விற்க வேறு சந்தை இல்லாததால் நேர்ந்தது அது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது கல்வராயன் மலையின் பெயரும் அடிபட்டது. மலைமக்களின் வாழ்நிலையைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். சாலை, பேருந்து, மருத்துவமனை என்று அந்த விசாரணையில் பேசப்பட்டதோடு வேலையும் படிப்பும் சேர வேண்டும்.

தேக்கடியில் இது நடந்து காட்டியிருக்கிறது. பெரியார் புலிகள் காப்பகத்தில் வயனா மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக வெட்டி விற்றுவந்தவர்களை 1990-களின் இறுதியில் கேரள வனத்துறை குழுவாகத் திரட்டி, காட்டுக்குள் பயணிகளை அழைத்துப்போகும் வழிகாட்டிகளாக்கியது. காட்டைத் திருடத் தெரிந்தவருக்குத்தான் காட்டைக் காக்கவும் தெரிந்திருந்தது. தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்திருக்கிறது. இரண்டு இடத்திலும் பயிற்சி நன்றாகவே நடந்தது. அந்தப் பயிற்சியைப் பல்கலைக்கழகம் தன் கணக்கில் கிரெடிட்டாக ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கை. கிரெடிட் ஆகாத பயிற்சிக்கு ஒரு சட்டைப்பை அடையாள அட்டையோடு மதிப்பு முடிந்துவிடுகிறது. அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது எண்ணப்படுவதில்லை.

கரியாலூரில் ஒரு செமஸ்டர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கலை, அறிவியல் கல்லூரிகள் 2021-க்குப் பின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. தொலைநிலைக் கல்வியில் நெடுநாள் அனுபவமுள்ள பல்கலைக்கழகம் அது. கரியாலூரில் ஒரு கற்றல் மையம் திறக்க அதைவிடப் பொருத்தமான நிறுவனம் இந்த வட்டாரத்தில் இல்லை.

என்ன கற்பிக்கலாம்? தண்ணீர்ப் பாதுகாப்பும் முதலுதவியும் முதலில் வர வேண்டும். அருவியில் வழுக்கி விழுந்தவரைத் தூக்கும் முறை தெரியாமல் எந்த வழிகாட்டிக்கும் சான்று தரக் கூடாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு என்ன அதிகாரம் தருகிறது என்பது தனித் தாளாக இருக்க வேண்டும். தன் காட்டில் தன் உரிமை என்னவென்று தெரியாதவர் வெளியூர் ரிசார்ட் முதலாளியின் கூலியாகத்தான் முடிவார். ஜாகீர் காலத்து வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வதற்கு 4 கிரெடிட் தரலாம். அதை இப்போதே செய்தாக வேண்டும். சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்காண்டு குறைகிறார்கள். வீட்டில் விருந்தினர் தங்கும் அறை நடத்துவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுப்பது, வரவு செலவு எழுதுவது எல்லாம் செய்முறையாகவே நடக்கலாம். சாமைச் சோறும் மலைத்தேனும் விலை வைத்து விற்கத் தெரிந்த பெண்களுக்கு அதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரியும்.

கீழிருந்து வரும் கல்லூரி மாணவருக்கும் இங்கே வேலை உண்டு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது ஏன்? எத்தனை வண்டியை மலை தாங்கும் என்ற கணக்கு இல்லாமலே பல்லாண்டு ஓடிவிட்டு, கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு, ஐ.ஐ.டி.யையும் ஐ.ஐ.எம்.மையும் ஆய்வு செய்யச் சொல்லும் நிலை வந்தது. கல்வராயன் மலைக்கு இன்னும் அந்த நெருக்கடி வரவில்லை. இப்போதே எண்ணத் தொடங்கலாம். 30 மாணவர்கள் ஒரு செமஸ்டர் முழுக்க வார இறுதிகளில் கரியாலூரில் நின்று வண்டிகளை எண்ணி, குப்பையை எடை போட்டு, கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுதினால் மாவட்ட ஆட்சியரின் மேசைக்குப் போகும் தரமுள்ள ஆவணம் அது. தலைக்கு 2 கிரெடிட். ஸ்பைரல் பைண்டிங் டூர் ரிப்போர்ட்டுக்குப் பதில் அதையே இன்டர்னலில் சேர்க்கலாம்.

செலவு பற்றிக் கேட்பார்கள். புதிய கட்டடம் வேண்டாம். பள்ளிக் கட்டடங்கள் விடுமுறையில் காலியாக இருக்கின்றன. ஆசிரியர் கிடைப்பாரா என்பார்கள். சுற்றுலா நிர்வாகத்தில் நெட் தேர்வே தனிப் பாடமாக நடக்கிறது. தேறியவர்களுக்குத் தமிழ்நாட்டில் இடங்கள் குறைவு.

இந்த மே மாதம் அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்கு இணையதளத்தில் விண்ணப்பிக்கும் மாணவர்களும் பெற்றோரும் ஒன்றைக் கேட்டுப் பெறலாம். சுற்றுலாப் பட்டமோ, சுற்றுலாத் தாள் உள்ள வரலாற்றுப் பட்டமோ, எதுவானாலும் ஆறு செமஸ்டருக்கான அந்த ஒரு பக்க அட்டவணையை அலுவலகத்தில் வாங்கிப் பாருங்கள். களப்பணிக்கு எத்தனை மணி நேரம், இன்டர்ன்ஷிப்பைச் சொந்த ஊரிலேயே செய்ய அனுமதி உண்டா, அங்கே கழித்த நேரத்துக்குக் கையெழுத்துப் போடப்போவது யார், கிராம சபையின் கையெழுத்து செல்லுமா என்று கேளுங்கள். செல்லாது என்று பதில் வந்தால், எந்த விதியின்படி என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள்.